நீலக் கோப்பு

டுசல்டோர்ஃப்
15.05.2025

அன்புள்ள ரஞ்சினிக்கு,

‘அன்புள்ள’ என்று பழக்கதோசத்தில் எழுதிவிட்டேன். வெட்டினால் கடதாசி அசிங்கமாகிவிடும் என்று விட்டிருக்கிறேன். வேறொன்றும் நினைக்க வேண்டாம்.

அக்கா ஏன் போன் எடுக்கிறா இல்லை என்று தம்பி இராசலிங்கம் என் மகள் கம்சனாவுக்கு மூன்று தரம் செய்தி அனுப்பிவிட்டான். உங்கள் இரண்டு பேரின் நம்பரையும் மறித்து வைத்திருக்கிறேன் என்று உம்முடைய மனிசனுக்குச் சொல்லும். உம்முடைய குரலைக் கேட்டால் கத்திப்போடுவேன், பிறகு பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி வந்து மணியடிப்பாள். அதனால்தான் கடிதம். இந்த நாட்டில் முக்கியமான விசயம் எல்லாம் தபாலில்தான் வரும். இதுவும் அப்படியே வரட்டும்.

போன மாதம் சிதம்பரம் அண்ணையின் பேத்தி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், இருநூறு சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீர் எழும்பி நின்று சொன்னது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. “டிரெஸ்டனில பொம்பிளையளுக்கு ஒரு சமையல் பயிற்சிக்கூடம் திறக்கப்போறம். ஐரோப்பிய ஒன்றியம் உதவி செய்யுது. முழுக்க என்ர யோசினை.” சனம் கைதட்டியது. நான் வடையைக் கடித்தபடி இருந்தேன். அந்த வடை எனக்கு இன்றுவரை இறங்கவில்லை.

உம்முடைய யோசனையோ? 2022 இல் அந்த விண்ணப்பத்தை எழுதியது யார்? பின்தங்கிய இடங்களை முன்னேற்றவும், வேலையில்லாதவர்களை வேலைக்குத் தயார்ப்படுத்தவும், வந்த சனத்தையும் இருந்த சனத்தையும் ஒன்றாய் இருத்தவும் ஒன்றியம் ஒரு நிதி வைத்திருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஹோட்டலில் அறை துப்புரவாக்கப் போன இடத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன பத்திரிகையில் பார்த்தேன். இருபத்திரண்டு வருசமாய் மற்றவர்களின் கட்டிலை விரிக்கிற கையால் அறுபத்திரண்டு பக்கம் எழுதினேன். “அம்மா, இது சரிவராது” என்று நாளுக்கு நாலு தரம் சொல்லிச் சொல்லித்தான் கம்சனா தட்டெழுதித் தந்தாள். மொழி தெரியாமல், சான்றிதழ் இல்லாமல் வீட்டில் இருக்கிற பெண்கள் ஆறு மாதம் சமையல் பழகி, பள்ளிக்கூடச் சமையலறைகளில் வேலைக்குப் போகிற திட்டம். அதில் என் முழங்கால் நோவும் இருக்கிறது, என் கோபமும் இருக்கிறது.

மறுத்துவிட்டார்கள். திட்டம் நல்லதாம். ஆனால் டுசல்டோர்ஃப் வசதியான பகுதியாம், ஒன்றியம் தருகிற பங்கு குறைவாம், போட்டி கூடவாம்.

அதற்குப் பிறகுதான் அந்த நீலக் கோப்பை, “ஒருக்காப் பாத்திட்டுத் தாறன் மச்சாள்” என்று இங்கே வந்து நின்றபோது நீர் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர். இரண்டு வருசமாகிறது. திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது.

அதைப் பார்த்து எழுதினீரா, இல்லையா? ஒரு வரி பதில் போதும்.

புஸ்பவதி


டிரெஸ்டன்
27.05.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் பழக்கதோசத்தில் எழுதவில்லை, மனதாரத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இவர் ஒரு தரம் வாசித்துவிட்டு, “அக்காவுக்கு அப்பிடித்தான், ஆறினாப் பிறகு சரிவரும்” என்று சொல்லி வேலைக்குப் போய்விட்டார். கூடப்பிறந்தவருக்கு அது சுகம். பதில் எழுத வேண்டியது நான்.

சாமத்திய வீட்டில் ‘முழுக்க’ என்ற சொல் வாயில் வந்தது பிழை. மைக்கைக் கையில் தந்தவுடன் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் களவெடுத்தேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் கோப்பைப் பார்த்தேன், உண்மை. பார்த்துவிட்டு மூடிவைத்தேன். விண்ணப்பமும் மற்றக் கடதாசிகளும் நானே எழுதினவை. ஒரு வரியும் உங்களுடையது இல்லை. என் தாய்மேல் சத்தியம்.

நீங்கள் என்னைப் பார்த்து எரிகிறீர்கள். நான் உங்களைப் பார்த்து எத்தனை வருசம் எரிந்திருக்கிறேன் என்று தெரியுமோ? டுசல்டோர்ஃபில் இருந்தபோது கோயிலில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் என்றால், “புஸ்பவதி அக்கா எங்கை?” என்றுதான் கேட்பார்கள். நான் உங்களுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றவள். சாம்பாரில் உப்புக் கூடினால் அது ரஞ்சினி போட்டது, சரியாக இருந்தால் அது நீங்கள் போட்டது. இவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தபோது எல்லோரும் அழுதீர்கள். எனக்கு உள்ளுக்குள் மூச்சு வந்தது. இதை இன்றுதான் எழுதுகிறேன்.

ஆனால் இங்கே வந்து மூன்று வருசம் ஒருவரோடும் கதைக்க ஆளில்லாமல் இருந்தேன். எங்கள் குடியிருப்பின் கோடியில் ஒரு பழைய தொழிற்சாலையும், அதன் உணவுச்சாலையும் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே பத்தொன்பது வருசம் சமைத்த அன்னா என்ற ஜேர்மன்காரி என் மாடிக்குக் கீழே இருக்கிறா. ஐம்பத்தெட்டு வயது. தொழிற்சாலை மூடினதோடு வேலை போனது. அந்தச் சமையலறையின் திறப்புச் சாவி இன்னும் அவவிடம் இருக்கிறது. ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. அந்தப் பெரிய அடுப்பைப் பார்த்தவுடன் எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது, சத்தியமாய்.

இப்போது ஒன்பது பெண்கள் பெயர் தந்திருக்கிறார்கள். ஊர்காவற்துறைப் பிள்ளை ஒன்றும் இருக்கிறாள், பிளோறன்ஸ் என்று. மூன்று பிள்ளைகளோடு தனியாய் இருக்கிறாள். “அக்கா, எனக்கு ஒரு சான்றிதழ் கிடைச்சாப் போதும்” என்று என்னைக் காணுகிற நேரமெல்லாம் கேட்கிறாள்.

கோப்பைப் பிறகு அனுப்புகிறேன். என்னோடு கதையுங்கோ மச்சாள்.

ரஞ்சினி


டுசல்டோர்ஃப்
09.06.2025

ரஞ்சினிக்கு,

இந்த முறை கவனமாய் எழுதினேன். ‘அன்புள்ள’ இல்லை.

வெங்காயக் கதை எழுதியிருக்கிறீர். உம்மை வெங்காயம் உரிக்கச் சொன்னது நான் இல்லை, கண்ணீர் வராமல் உரிக்க உம்மை விட்டால் ஆளில்லை என்பதால் எல்லோரும் உம்மிடம் தந்தார்கள். ஆனாலும் அந்த இடத்தை இன்னொரு தரம் வாசித்தேன். உப்பு விசயம் உண்மைதான். அதற்காக நான் இரங்கப்போவதில்லை.

சமையலறைச் சுவரில் நான் ஒரு வரைபடம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்றியம் எல்லா நாட்டையும் பகுதி பகுதியாய்ப் பிரித்து நிறம் பூசின படம். சராசரி வருமானம் பார்த்துப் பூசுகிறார்களாம். உங்கள் டிரெஸ்டனுக்கு ஒரு நிறம், எங்கள் டுசல்டோர்ஃபுக்கு இன்னொரு நிறம். உங்கள் நிறத்துக்குக் கூடப் பங்கு. நான் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். எனக்கு ஒரு நிறத்தின் மேல் பொறாமை, ரஞ்சினி. ஐம்பத்தேழு வயதில் வந்து நிற்கிற நிலையைப் பாரும்.

இந்த நகரத்தில் கோடீஸ்வரர்கள் கனபேர். அவர்களையும் என்னையும் கூட்டிப் பிரித்தால் நானும் வசதியானவள்தான். அவர்கள் படுத்து எழும்புகிற கட்டிலை நான் விரிக்கிறேன் என்பது அந்தக் கூட்டலில் வராது. இரண்டு நாள் முந்தி முழங்கால் வீங்கி, பதினான்காவது அறையில் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். மேற்பார்வைக்காரி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அந்த நேரத்தில் நினைத்தேன், எனக்கு அந்த நிதி கிடைத்திருந்தால் இப்போது வெள்ளை மேலங்கியோடு நின்று பத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். அந்த மேலங்கியை நீர் போடப்போகிறீர். எனக்கு வயிறு எரியுது. மறைக்க ஒன்றுமில்லை.

உம்முடைய சத்தியத்தை நம்புகிறேன். தாய்மேல் சத்தியம் பண்ணினவளை நம்பாமல் விட்டால் நான் மனிசி இல்லை. நீரே எல்லாம் எழுதியிருந்தால் நீர் கெட்டிக்காரி. அது இன்னும் எரியுது.

ஒன்று கேட்கிறேன். விண்ணப்பத்தோடு ஒரு தடித்த வழிகாட்டிப் புத்தகம் தருவார்கள். முழுக்க வாசித்தீரோ? நான் கண்ணாடி போட்டு, அகராதி வைத்து, கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். சும்மா கேட்கிறேன்.

புஸ்பவதி


டிரெஸ்டன்
08.07.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நல்ல செய்தி. முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

நேற்றுத் திங்கட்கிழமை பால் காய்ச்சினோம்!

விண்ணப்பம் கிட்டத்தட்டச் சரியென்று போன மாதமே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அனுமதிக் கடிதம் ஓகஸ்டில் வருமாம். “ஓகஸ்ட் எண்டா ஆடி. ஆடி பிறந்தா ஒண்டும் தொடங்கேலாது” என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். ஐயருக்குப் போன் பண்ணி நாள் கேட்டார். ஆனி இருபத்துமூன்று, காலை ஒன்பது பன்னிரண்டு. அதை விட்டால் ஆவணிதான் என்று ஐயரும் சொல்லிவிட்டார்.

அன்னா அந்தப் பழைய அடுப்பைத் தேய்த்து மினுக்கி வைத்திருந்தா. புது அடுப்பும் காற்றுக்குழாயும் பூட்டுகிற கொம்பனிக்காரரையும் வரச்சொல்லியிருந்தோம். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்து, நடுவில் ஒப்பந்தத்தை வைத்து, நாலு மூலைக்கும் மஞ்சள் பூசினேன். சரியாக ஒன்பது பன்னிரண்டுக்கு நான் ஒப்பம் வைத்தேன். கொம்பனிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் பேனையை வலக்கையால் வாங்கு என்று பிளோறன்ஸ் சொன்னதும் சிரித்துக்கொண்டு வாங்கினார். அந்த நிமிசமே பால் பொங்கி வழிந்தது. “அது வீணாப் போகுதே!” என்று அன்னா துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தா. நாங்கள் எல்லோரும் அவவைப் பிடித்து நிற்பாட்டினோம்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் மச்சாள். அழைத்தால் வரமாட்டீர்கள் என்று இவர் சொன்னார். நானும் அதைக் கேட்டு அழைக்காமல் விட்டுவிட்டேன். அது என் பிழை.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். பேஸ்புக்கில் போடவில்லை, கண்ணூறு பட்டுவிடும் என்று பயம். இரண்டே இரண்டு பிரதிதான் எடுத்தேன். ஒன்று இங்கே சுவரில், மற்றது உங்களுக்கு.

ரஞ்சினி


டுசல்டோர்ஃப்
15.07.2025

ரஞ்சினிக்கு,

படம் கிடைத்தது. பால் நல்லாய்ப் பொங்கியிருக்கிறது. தட்டத்தில் இருக்கிற ஒப்பந்தத்தில் திகதியும் உம்முடைய கையெழுத்தும் நல்ல தெளிவு.

நீர் அந்தப் புத்தகத்தை வாசிக்கவில்லை.

எனக்கு இன்றைக்கு வேலை கூட. வேறொன்றுமில்லை.

புஸ்பவதி


டிரெஸ்டன்
06.08.2025

மச்சாள்,

நேற்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதிக் கடிதம் என்று நினைத்து சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துத்தான் பிரித்தேன்.

அனுமதி தருவதற்கு முன்னரே நாங்கள் வேலையைத் தொடங்கிவிட்டோம் என்று தகவல் கிடைத்திருக்கிறதாம். அனுமதிக் கடிதம் கைக்கு வர முதல் ஒரு ஒப்பந்தமும் செய்யக்கூடாதாம். செய்தால் திட்டம் தொடங்கிவிட்டது என்று எடுப்பார்களாம், தொடங்கிவிட்ட திட்டத்துக்கு நிதி இல்லையாம். ஓகஸ்ட் 22 க்கு முதல் விளக்கம் எழுத வேண்டும், ஒப்பந்தத்தின் முழுப் பிரதியும் அனுப்ப வேண்டும். கடிதத்தோடு ஒரு படத்தின் பிரதியும் வைத்திருந்தார்கள். பால் பொங்குகிற படம்.

அந்தப் படம் உலகத்தில் இரண்டுதான் இருக்கிறது. ஒன்று என் சுவரில்.

அலுவலகத்தில் கேட்டேன். பெயர் இல்லாத கடிதமாம், அந்தப் பெண் யாரென்று சொல்லமாட்டாளாம். ஆனால், “எழுதினவர் விதியை நன்றாகப் படித்தவர், எங்கள் சொல்லையே எழுதியிருக்கிறார்” என்று சொன்னாள். அனுமதிக்கு முன் தொடங்குவதற்கு அவர்களிடம் ஒரு முழ நீளச் சொல் இருக்கிறதே, அந்தச் சொல். ஜேர்மனியில் அந்தச் சொல் தெரிந்த தமிழ்ப் பொம்பிளைகள் இரண்டு பேர்தான் மச்சாள். நேற்று வரைக்கும் ஒரு ஆள்தான்.

இவருக்கு நான் சொல்லவில்லை. யாரோ பொறாமை பிடித்த ஜேர்மன்காரன் என்று திட்டிக்கொண்டு திரிகிறார். தன் அக்காவைத் தான் திட்டுகிறேன் என்று தெரியாமல் திட்டுகிறார்.

நேற்றுப் பின்னேரம் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிளோறன்ஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்னா திறப்பை மேசையில் வைத்துவிட்டு, “நான் ஒருதரம் இதைப் பூட்டியிருக்கிறேன், இரண்டாம் தரம் நீ பூட்டு” என்றா.

என்னோடு கோபம் என்றால் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாமே. நான் பொறுத்திருப்பேன். அந்த ஒன்பது பேரும் உங்களுக்கு என்ன செய்தார்கள்?

‘அன்புள்ள’ எழுதவில்லை. மறந்து விடவில்லை.

ரஞ்சினி


டுசல்டோர்ஃப்
08.08.2025

ரஞ்சினி,

ஓம். நான்தான்.

உம்முடைய கடிதம் இன்று காலை வந்தது. வேலைக்குப் போகவில்லை. இதை எழுதி இன்றே விரைவுத் தபாலில் போடப்போகிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

உம்முடைய படம் வந்த அன்று அதை மேசையில் வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பாலில் என் முகம் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. மற்ற ஒன்பது முகமும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ, அவ்வளவு எரிச்சல். இரண்டு நாள் பொறுத்தேன், மூன்றாம் நாள் எழுதினேன். கம்சனாவுக்குச் சொல்லவில்லை. ஸ்டேசனுக்குப் பக்கத்து மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டு நாலு அடி நடந்தேன். திரும்பி வந்து பெட்டிக்குள் கையை விட்டேன். விரல்கள் மட்டும்தான் போயின. ஒரு கிழவர் நின்று பார்த்தார். நான் ஏதோ களவெடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

இன்று கம்சனா உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டாள். “அம்மா, மாமியைக் காட்டிக்குடுத்திட்டியளோ?” என்று கேட்டாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, அந்தச் சொல்லின் பாரம் அவளுக்கு என்ன தெரியும். எனக்குத் தெரியும். அதிலிருந்து தப்பி வந்த சனமல்லவா நாங்கள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மன்னிப்புப் பிறகு கேட்கிறேன். இப்போது நான் சொல்வதைச் செய்யும்.

அந்த நீலக் கோப்பில், பச்சைப் பிரிப்பானுக்குப் பின்னால், அடுப்புக் கொம்பனியோடு செய்வதற்கென்று நான் தயாரித்த ஒரு ஒப்பந்த மாதிரி இருக்கிறது. மூன்று தாள். அதில் ஒன்பதாம் பந்தியைப் பாரும். “நிதி அனுமதிக் கடிதம் கிடைத்தால் மட்டுமே இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். கிடைக்காவிட்டால் இரு தரப்பும் எந்த நட்டஈடும் இன்றி விலகலாம்.” வழிகாட்டிப் புத்தகத்தில் பின்னுக்கு, சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. இப்படி ஒரு பந்தி இருந்தால், ஒப்பம் வைத்தாலும் தொடங்கினதாக எடுக்கமாட்டார்கள். அந்த இரண்டு வசனத்தையும் எழுதி வாங்க நான் ஒரு ஆலோசனை நிலையத்தில் மூன்று நாள் போய்க் காத்திருந்தேன். தம்பியின் குணம் எனக்குத் தெரியும், கடதாசி வர முன்னமே நல்லநாள் பார்த்துக்கொண்டு வந்து நிற்பான் என்றுதான் அதைச் சேர்த்தேன்.

இனிக் கேளும். நீர் வைத்த ஒப்பந்தம் யாருடையது? கொம்பனிக்காரர் கொண்டுவந்ததோ? நீரே எழுதினதோ? அல்லது என்னுடையதைப் பார்த்து எழுதினீரோ?

ஒரு வரியும் என்னுடையது இல்லை என்று தாய்மேல் சத்தியம் பண்ணினீர். நான் நம்பினேன். நம்பினபடியால்தான் ஒன்பதாம் பந்தி உம்மிடம் இராது என்று நினைத்து அந்தக் கடிதத்தை எழுதினேன். நீர் களவெடுத்தீர் என்று முதல் கடிதத்தில் திட்டினவள் இன்று காலையிலிருந்து பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு இருக்கிறேன். நீர் களவெடுத்திருக்க வேண்டும் ரஞ்சினி. பொய்ச் சத்தியம் பண்ணியிருக்க வேண்டும்.

கெதியாய்ப் பாரும்.

மச்சாள்


டிரெஸ்டன்
12.08.2025

மச்சாள்,

களவெடுத்தனான்.

உங்கள் கடிதத்தை வாசலிலேயே பிரித்தேன். செருப்பைக் கழற்றாமல் ஓடிப்போய் ஒப்பந்தத்தை எடுத்தேன். மஞ்சள் காய்ந்து தாள்கள் ஒட்டிப்போய் இருந்தன, ஒவ்வொன்றாய் உரித்துப் பிரித்தேன். ஒன்பதாம் பந்தி அப்படியே இருக்கிறது. ஒரு சொல் மாறவில்லை. அன்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ கதிரையில் இருந்துவிட்டா.

இனி மறைத்து என்ன. ஒப்பந்தம் மட்டுமில்லை, விண்ணப்பத்திலும் நாற்பது பக்கம் உங்களுடையது. ஊரின் பெயரை மாற்றினேன், பெண்களின் தொகையை மாற்றினேன், அன்னாவைப் பற்றியும் பழைய தொழிற்சாலையைப் பற்றியும் எழுதின பக்கங்கள்தான் என்னுடையவை. ஒப்பந்தத்தை விளங்கி எழுதவில்லை. நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்து எழுதினேன். உங்களைக் கேட்டிருந்தால் தந்திருப்பீர்கள், அதுவும் தெரியும். ஆனால் கேட்டிருந்தால் அது உங்கள் சமையலறை ஆகியிருக்கும். ஒரு தரம் ஒரு சமையலறை என்னுடையதாய் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் செத்துப்போன தாயை இழுத்தேன்.

விளக்கக் கடிதமும் ஒப்பந்தமும் இன்று அனுப்பிவிட்டேன். மூலப்பிரதியைக் கேட்டார்கள், மஞ்சள் மூலையோடுதான் போகிறது. என்ன நடக்கும் என்று தெரியாது.

நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று நன்றி சொல்ல வாய் வருகிறது. பிறகு, தண்ணிக்குள் தள்ளினதும் நீங்கள்தான் என்று நினைவு வருகிறது. அதனால் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இவருக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், என் களவையும் சேர்த்து. மூன்று நாளாய் எங்கள் இரண்டு பேருக்காகவும் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கிறார்.

ரஞ்சினி


டிரெஸ்டன்
18.09.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

ஒரு மாதமாய் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா இரவில் நித்திரை கொள்கிறாவா என்று இவர் கம்சனாவிடம் கேட்டதற்கு, “இல்லை, வரைபடத்தையும் கிழிச்சுப்போட்டா” என்று சொன்னாளாம். கோபம் எனக்கு முழுதாய்ப் போகவில்லை. ஆனால் இந்தச் செய்தியை மற்றவர் சொல்லி நீங்கள் கேட்கக்கூடாது.

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. இது உண்மையானது, போன தரம் மாதிரி இல்லை, முத்திரையோடு இருக்கிறது. ஒன்பதாம் பந்தியை ஏற்றுக்கொண்டார்கள். பயிற்சி இருபத்துமூன்றாம் திகதி செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது. பிளோறன்ஸ் கடிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அன்னா திறப்பைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டா, இனித் தரமாட்டாவாம்.

முதல் பக்கத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். விளக்கம் எழுதும்போது, விண்ணப்பத்தில் ஒரு இடத்தைத் திருத்தவேண்டும் என்று கேட்டிருந்தேன். ‘திட்டத்தை உருவாக்கியவர்’ என்ற வரியில் முன்பு என் பெயர் இருந்தது. இப்போது யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கோ.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் பால் காய்ச்ச வேண்டும். போன முறை காய்ச்சினது கணக்கில் இல்லை என்று அன்னாவே சொல்லிவிட்டா. மூன்று மணிக்குத்தான் எல்லோரும் வரலாம். அது இராகுகாலம், போதாததற்குப் புரட்டாதி, போதாததற்குச் செவ்வாய் என்று இவர் முணுமுணுத்துக்கொண்டு திரிகிறார்.

கோப்பு இங்கேதான் இருக்கிறது. தபாலில் அனுப்ப மனமில்லை. வந்து வாங்குங்கோ.

ரஞ்சினி


டுசல்டோர்ஃப்
20.09.2025

அன்புள்ள ரஞ்சினிக்கு,

கடிதத்தைக் கம்சனா முன்னால்தான் பிரித்தேன். என் பெயரை நானே வாசித்தேன். பிறகு அவளைக்கொண்டு வாசிப்பித்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம். இந்த நாட்டு அலுவலகங்களிலிருந்து எனக்கு வந்த கடதாசிகளில் ‘வருந்துகிறோம்’ என்று தொடங்காத முதல் கடதாசி இதுதான், அதுவும் உமக்கு வந்தது. கம்சனா ஒரு மாதத்துக்குப் பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

நான் செய்ததற்கு மன்னிப்பு என்ற சொல் போதாது. ஆனாலும் கேட்கிறேன். அந்த ஒன்பது பேரிடமும் நேரில் கேட்பேன், ஒவ்வொருவராய். அன்னாவிடம் என்ன சொல்வது என்று ஜேர்மனில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு இருக்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எனக்கு இன்னும் எரியுது. அந்த வெள்ளை மேலங்கியை உம்மில் பார்த்தால் இன்னும் கூட எரியும். வயிறு சொன்னவுடன் கேட்கிற சாதி இல்லையே. ஆனால் இனி எரிகிறபோது கடிதம் எழுதமாட்டேன். உமக்குப் போன் எடுத்துக் கத்துவேன். நம்பரை இப்போதுதான் திறந்துவிட்டேன்.

ஹோட்டலில் மூன்று நாள் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். செவ்வாய் விடிய ரயில், இரண்டேகாலுக்கு டிரெஸ்டன். தம்பியை ஸ்டேசனுக்கு வரச்சொல்லும். ஐயருக்குப் போன் பண்ண வேண்டாம் என்றும் சொல்லும். இந்த முறை நாள் பார்த்தது அலுவலகம், அதுவே போதும்.

பானையும் பாலும் நான் கொண்டுவருகிறேன். உப்பு உம்முடைய பொறுப்பு, கூடினாலும் நான் போட்டது என்று சொல்கிறேன்.

அடுப்பை மட்டும் நான் வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது. முக்கியமாய் நீர்.

மச்சாள்